டோக்கனைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

லாகின், லாக்அவுட் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். நான் பி.காம். படித்து வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். அதனால் கவுன்ட்டர் பாஷையிலேயே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவோம், நினைவிருக்கிறதா? கேஷியர் டோக்கன் எண்ணைத்தான் கூப்பிடுவார். கையில் டோக்கன் வைத்திருப்பவருக்குப் பணம். (டோக்கனைத் தொலைத்தால் நடக்கும் ரகளை தனிக்கதை.)

இணையதளமும் அப்படித்தான். ஹெச்.டி.டி.பி. முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் அதற்குப் புது ஆள். இதற்காகத்தான் 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்பவர் 'குக்கீ'யைக் கொண்டுவந்தார். பாஸ்வேர்டு சரியென்றால் சர்வர் ஒரு நீண்ட எண்ணை உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. பிறகு அந்த டோக்கனைத்தான் பார்க்கும், உங்களை அல்ல. வங்கித் தளத்தில் சில நிமிடம் சும்மா இருந்தால் டோக்கன் செல்லாமல் போகும். 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று வந்தால் திட்டாதீர்கள், அது உங்கள் நன்மைக்கு.

வாட்ஸ்அப் வெப் வேறு ரகம். 'வெப்சாக்கெட்' என்ற முறையில், போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருப்பதுபோல லைன் திறந்தே இருக்கும். செய்தி தானாக வந்து விழும். விண்டோவை மூடினால் லைன் அறுந்துவிடும், சரி. ஆனால் டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். யார் மறுபடி திறந்தாலும் க்யூஆர் கோடு கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? பத்திர நகல், ஆதார் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுக் கிளம்புகிறோம். கடைக்காரர் நல்லவர்தான், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யாரோ? பேரனின் போட்டோவிலிருந்து பாஸ்புக் படம் வரை அவர் பார்க்கலாம். நம் பெயரில் "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று செய்தியும் அனுப்பலாம்.

வெப் இணைப்புகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது துண்டிக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு உத்தரவிட்டது. ஆபீஸில் நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பவர்களுக்குத் தொல்லைதான். ஆனாலும், கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு ஆறு மணி நேரம் எதற்கு, ஆறு நிமிடம் போதாதா?

கடையை விட்டு எழுமுன் லாக்அவுட் செய்யுங்கள். மறந்துவிட்டால், உங்கள் போனில் வாட்ஸ்அப் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அதைத் தொட்டு லாக்அவுட் கொடுங்கள். வீட்டிலிருந்தே டோக்கன் ரத்து. இப்போதே போனை எடுங்கள், டீ வருவதற்குள் எல்லோரும் பார்த்துவிடலாம்.