சுழற்கோப்பை: பரிசா, அடைக்கலமா?



சதுரங்கக் கழகம் என்றால் பெரும்பாலும் ஒரு வாடகை அறை, நான்கைந்து மேசைகள், ஒரு சுவர்க்கடிகாரம், ஓர் அலமாரி. அவ்வலமாரியின் மேல்தட்டில் ஒரு வெள்ளிக் கோப்பை. ஆண்டுப் போட்டியில் வென்றவர் கையொப்பமிட்டு அதனைப் பெற்றுச் செல்வார். பதினோரு திங்கள் தம் இல்லத்தில் வைத்திருப்பார். அடுத்த போட்டிக்கு முன் திருநீறிட்டுத் துடைத்துத் திரும்பக் கொணர்வார். பீடத்தில் அவர் பெயர் மட்டும் நிலைத்திருக்கும்.

இதனைச் சுழற்கோப்பை என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. கோப்பை சுழல்கிறது என்பது மெய்யே. ஆனால், பெறுகின்றவருக்கு அது பரிசா, அடைக்கலமா? இதற்கு விடை காண, எல்லாச் சுழற்கோப்பைகளுக்கும் மூத்ததுபோல் விளங்கும் ஒரு கோப்பையின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றிற்று. மூன்றாண்டுகளுக்குப்பின், 1927இல், லண்டனில் 16 நாடுகள் முதல் ஒலிம்பியாட்டில் கூடின. ஹாமில்டன் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் அப்போட்டிக்கென ஒரு கோப்பையை வழங்கினார். அதனை முதலில் வென்ற நாடு ஹங்கேரி. பின்னர் அது போலந்துக்குச் சென்றது; 1931 முதல் 1937 வரை நான்கு முறை தொடர்ந்து அமெரிக்கா வென்றது.

அந்நாளில் நம் நாட்டுக்கு அணி கிடையாது. ஆயினும், அன்றைய பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் 1930, 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் இக்கோப்பைக்காக ஆடினார். இங்கிலாந்தின் முதற்பலகையில், இங்கிலாந்தின் கொடியின் கீழ் ஆடினார். மும்முறை பிரிட்டிஷ் வாகையர் பட்டம் வென்ற அப்பெருமகனுக்கு, அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப்பின், 2024இல்தான் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் அளிக்கப்பெற்றது.

1939இல் போட்டி போனஸ் அயர்ஸ் நகரில் நடந்தது. ஆட்டங்கள் நடுவில் இருக்கையிலேயே ஐரோப்பாவில் போர் மூண்டது. இங்கிலாந்து அணி நாடு திரும்பிற்று. பகை நாடுகள் சில எதிரெதிரே அமர ஒப்பவில்லை; ஆடாமலேயே புள்ளிகளைப் பகிர்ந்துகொண்டன. அரைப் புள்ளி வேறுபாட்டில் ஜெர்மனி வென்றது, போலந்து இரண்டாவதாயிற்று. போலந்து வீரர் நாய்டார்ஃப் உள்ளிட்ட பலர் ஊர் திரும்பாது அங்கேயே தங்கிவிட்டனர். நாய்டார்ஃபின் குடும்பத்தார் போரில் அழிந்தனர். கோப்பைக்கு உரியவர் அடுத்து யார் என்ற வினாவுக்கு உலகம் 11 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1950இல் யூகோஸ்லாவியா அதனை வென்றது.

அதன்பின் 1952 முதல் 1974 வரை சோவியத் நாடு 12 முறை தொடர்ந்து வென்றது. அவ்வரிசையின் நடுவே, 1956இல், மாஸ்கோ நகரில் இந்திய அணி முதன்முதலாக ஆடிற்று. அன்று நம்மவர்க்குக் கற்பதே வெற்றியாயிருந்தது. 1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972இல் சென்னையில் அவர் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவர் விசுவநாதன் ஆனந்தும் பயின்றார். ஒரு சிறு கழகத்தின் மேசை எத்துணை தூரம் எட்டும் என்பதற்கு இதுவே சான்று.

2014இல் வெண்கலம், 2022இல் மாமல்லபுரத்தில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் வெண்கலம். 2024இல் புடாபெஸ்டில் குகேஷ், பிரக்ஞானந்தா முதலியோர் அடங்கிய அணி 22 புள்ளிகளில் 21 பெற்று ஹாமில்டன் ரஸ்ஸல் கோப்பையை முதன்முறை வென்றது. மகளிர் அணியும் தங்கம் வென்றது.

இம்மகிழ்ச்சியினூடே ஒரு செய்தியையும் மறைத்தல் ஆகாது. இரு பிரிவுகளிலும் சேர்த்துச் சிறந்து விளங்கும் நாட்டுக்கு உரியது காப்ரிந்தாஷ்விலி கோப்பை. 2022இல் அது நமக்குக் கிட்டியது. 2024இல் திருப்பித் தரவேண்டிய வேளையில் அதனைக் காணவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. மாற்றுக் கோப்பை செய்விக்க நேர்ந்தது. அதே கோப்பையை அவ்வாண்டும் நாமே வென்றோம். வெல்லும் திறன் இருந்தது; காக்கும் கவனம்தான் சிறிது தளர்ந்தது.

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. மாதரி கண்ணகியைப் பேணிய அன்பை நாம் அறிவோம். பிறர் பொருளைத் தம் பொருளினும் மேலாகப் போற்றுதல் நம் மரபு. சுழற்கோப்பையும் அத்தகையதே. நமக்கு முன் அதனை ஏந்தியவர்களின் பெயர்களும், இனி ஏந்தப்போகின்றவர்களுக்கான வெற்றிடமும் அதில் உள்ளன.

ஆகவே, உங்கள் ஊர்க் கழகத்தின் சிறு கோப்பை இவ்வாண்டு உங்கள் பிள்ளையின் கைக்கு வந்தால் பெருமிதம் கொள்ளுங்கள். அதனை எங்கே வைப்பது, எவர் துடைப்பது, எந்நாளில் திருப்பித் தருவது என்பதையும் அன்றே அப்பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். அகராதி எவ்வாறாயினும், நம் வரையில் அச்சொல்லுக்குப் பொருள் அடைக்கலமே.