பள்ளிக்கூடமே கருவியானபோது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலனி ஆட்சி என்றதும் படையும் வரியும்தான் நம் நினைவுக்கு வரும். கனடாவில் அது பள்ளிக்கூடத்தின் வழியாகவும் நடந்தது. ஆசிரியர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டிய வரலாறு இது.

பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துத்தான் கற்பிக்க வேண்டும் என்று 1883-இல் கனடாப் பிரதமர் ஜான் மெக்டொனால்ட் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். வீட்டிலிருந்து வந்து போனால் பிள்ளைகளின் பழக்கவழக்கம் மாறாது என்பது அவர் எண்ணம். அரசு பணம் கொடுத்தது. கிறித்தவ சபைகள் உறைவிடப் பள்ளிகளை நடத்தின. பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்க 1920-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் இப்பள்ளிகளுக்குச் சென்றார்கள்.

உள்ளே நுழைந்ததும் முடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது. பல பள்ளிகளில் பெயர் போய் எண் வந்தது. காசநோய் பரவுவதை அரசு மருத்துவர் பீட்டர் பிரைஸ் 1907-லேயே அறிக்கையாகக் கொடுத்தார். அவருக்குத் தகவல் தந்த 15 பள்ளிகளில், படித்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தனர். அவர் சொன்ன சீர்திருத்தங்களை அரசு ஏற்கவில்லை.

1973-இல் பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கித் தந்த புது ஆரஞ்சு நிறச் சட்டையுடன் பள்ளிக்குப் போனாள். முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவேயில்லை. இன்று செப்டம்பர் 30 அன்று கனடாவில் ஆரஞ்சுச் சட்டை அணிவது அவரால் வந்த வழக்கம்.

2008-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. அதன் 94 பரிந்துரைகளில், இந்த வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்பதும் ஒன்று.

அங்கே பணியாற்றிய ஆசிரியர் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். நல்லது செய்வதாகவே பலர் நம்பினார்கள். நாம் யோசிக்க வேண்டிய இடம் அதுதான். மலைக்கிராமத்துக் குழந்தை தன் வீட்டு மொழியில் பதில் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோமா, திருத்துகிறோமா? அந்தச் சொல்லையும் பாடநூல் சொல்லுக்குப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதுவோம். அந்தக் குழந்தையையே வகுப்புக்கு அதன் பொருளைச் சொல்லச் சொல்வோம். அதற்கு அரசாணை தேவையில்லை. நாளைக் காலை முதல் பாடவேளையிலேயே தொடங்கலாம்.