மானாவாரிக் கதைகள்
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது இலக்கியம் பற்றிப் பேசுங்க" என்று சங்கத்தில் கேட்டார்கள். "காமிக்ஸ் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சீக்கிரம் முடிச்சிருங்க, சாப்பாடு ஆறிப் போகும்" என்றார். ஆகவே ஒரே ஒரு விஷயம். ஓர் இதழில் தொடங்கி அதே இதழில் முடிகிற சூப்பர் ஹீரோ கதையை எப்படிப் படிப்பது, எப்படி எடை போடுவது?

இதைப் பேச நம்ம கோவில்பட்டி பொருத்தமான ஊர்தான். சாத்தூர் வழியாகப் போனால் சிவகாசி. இங்கே தீப்பெட்டி, அங்கே அச்சகம். இரண்டுக்கும் இந்த வறண்ட காற்று தோதாக இருந்தது. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சான அதே ஊரிலிருந்துதான் 1972இல் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள்.

அந்த இதழ்கள் நம் கைக்கு எப்படி வந்தன? வரிசையாகவா வந்தன? பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து ஒன்று, மாமா வீட்டுப் பரணில் ஒன்று, வாடகைக் கடையில் ஒரு நாள் கெடுவில் ஒன்று. அடுத்தது கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கையில் உள்ள ஒன்றே முழுக்கதையாக இருந்தாக வேண்டும்.

நம்ம வெள்ளாமையும் அப்படித்தானே? ஆற்றுப் பாசனக்காரருக்கு இந்தத் தண்ணி போனா அடுத்த தண்ணி. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையும், கரிசல் மண் பிடித்து வைக்கிற ஈரமும்தான். அதற்குள் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைந்து வீடு வந்து சேரணும். தனியாக நிற்கிற கதை மானாவாரிக் கதை. அதை எடை போட நான் நாலு கேள்வி கேட்பேன்.

முதல் கேள்வி: நாயகனை முன்பின் தெரியாதவனுக்கும் கதை புரிகிறதா? மாயாவியின் கதை உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவர் லூயிஸ் கிராண்டேல். அந்த இடத்தில் இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; இரும்புக்கை மட்டும் தெரியும். கெட்டிக்காரக் கதாசிரியர் இதைப் பக்கம் பக்கமாக விளக்க மாட்டார். தொடக்கத்திலேயே அந்தக் கை ஒரு மின்கம்பியைத் தொடும். அவ்வளவுதான், புதுசாகப் படிக்கிறவனும் கூடவே ஓடி வருவான்.

இரண்டாவது கேள்வி: கதையை நடத்துவது நாயகனின் பலமா, பலவீனமா? மின்சாரம் கிடைக்காத இடத்தில் மாயாவி சாதாரண மனுஷன். மறைந்தாலும் கை காட்டிக் கொடுத்துவிடும். மறைகிற நேரமும் அளவானது. இந்த முட்டுக்கட்டைகளை வைத்துப் பின்னிய கதை நல்ல கதை. அவற்றை மறந்துவிட்டு, நினைத்தபோதெல்லாம் மறைந்து ஜெயித்தால் அது சோம்பேறிக் கதை.

மூன்றாவது கேள்வி: படம் கதை சொல்கிறதா? வசனத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒரு பக்கம் பாருங்கள். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த மாயாவியில், இருட்டில் ஒரு கை மட்டும் மிதந்து வரும். அதற்கு வசனம் எதற்கு?

இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். மாயாவி 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடராகத் தொடங்கியவர். வாரத்துக்குச் சில பக்கம்தான். ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் நிறுத்த வேண்டும். அப்படி வந்ததை ஒரே புத்தகமாகத் தொகுத்தால், சில பக்கத்துக்கு ஒரு தடவை நாயகன் சாவின் விளிம்பில் நிற்பான். தையல் தெரியும். அதைப் படைப்பின் குறையாக எண்ணாமல், தொடர்கதையின் வடுவாகக் கொள்வதே சரி.

நான்காவதுதான் முக்கியம்: ஜெயித்தவன் என்ன விலை கொடுத்தான்? 1985இல் சூப்பர்மேன் ஆண்டு மலரில் ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்த ஒரு கதை. பிறந்த நாள் பரிசு என்று எதிரி ஒரு செடியை அனுப்புகிறான். அது சூப்பர்மேனைப் பற்றிக்கொண்டு, அவன் மனசுக்குப் பிடித்த கனவைக் காட்டுகிறது. அழிந்துபோன அவன் ஊர் அழியாமலே இருக்கிறது. அவனுக்கு மனைவி, மக்கள். விழித்தெழ வேண்டுமானால் அந்தக் கனவுப் பிள்ளையை அவனே விட்டுவிட்டு வர வேண்டும். மலையைத் தூக்குகிறவனுக்கு அந்தப் பிள்ளையின் கையை விடுவது கஷ்டமாக இருக்கிறது. ஒரே இதழ்தான். முன்கதை தெரியாதவனுக்கும் தொண்டை அடைக்கும்.

இனி இரண்டு பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. என் வயசுக்காரர்களே, "அந்தக் காலத்து மாயாவி மாதிரி வருமா?" என்கிறோம். அது நம்ம பால்யத்துக்குப் போடுகிற மார்க். கதைக்குப் போடுகிற மார்க் வேறு. பழைய இதழை எடுத்து இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். சில கதைகள் தேறும், சில தேறாது. தேறியவற்றின் மேல் பிரியம் கூடும்.

தம்பி தங்கைகளே, இன்றைக்கு ஒரு சூப்பர் ஹீரோ படம் புரிய அதற்கு முந்தைய பல படங்களைப் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. "அடுத்ததில் சொல்றோம்" என்று எதையும் தள்ளிப் போடுகிறவரிடம், "இதில் என்ன சொன்னீங்க?" என்று கேட்கப் பழகுங்கள். கதையிடம் அப்படிக் கேட்கத் தெரிந்தவர், நாளைக்கு விளம்பரத்திடமும் மேடைப் பேச்சிடமும் கேட்பார். காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடும் என்பார்கள். கேள்வி கேட்டுப் படித்தால் எந்தப் படிப்பும் கெடாது.

நம்ம இடைசெவல் கி.ரா. அவர்கள் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். களத்து மேட்டில் சொன்ன அந்தக் கதைகளும் ஓர் இருப்பில் தொடங்கி, கேட்பவன் எழுந்து போவதற்குள் முடிந்தவைதான். தனிக்கதையை ரசிப்பது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் பேச்சுக்கும் தொடர்ச்சி கிடையாது, இத்தோடு முற்றும்.