பத்திரத்தை வைத்துக் கடன்: தரகர் கூலியைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கடனுக்கு நாம தீர்மானம் எழுதுறோம், நேரா வங்கிக்குப் போறோம். ஆனா வீடு கட்டவோ, பிள்ளைகள் படிப்புக்கோ பத்திரத்தை அடமானம் வைத்துத் தனியாகக் கடன் வாங்கும்போது, நடுவில் ஒரு தரகர் வந்துவிடுகிறார். "நான் முடிச்சுத் தர்றேன்க்கா" என்கிறார். அவருக்குக் கூலி எவ்வளவு, அதை யார் கொடுக்கிறாங்க என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

நம்ம உறுப்பினர் ஒருவர் 5 லட்சம் கடன் கேட்டார். தரகர் "ரெண்டு பர்சென்ட்தான்" என்றார். கேட்க சின்னதாத்தான் இருந்தது. கணக்குப் போட்டால் 10,000 ரூபாய்! முன்பணமாக 3,000 வாங்கிக்கொண்டார். பட்டா மாமனார் பேரில் இருந்ததால் கடன் கிடைக்கவில்லை. முன்பணமும் திரும்பவில்லை. "அலைஞ்ச செலவு" என்று சொல்லிவிட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கூட்டத்தில் அவங்க இதைச் சொன்னபோது நாம யாரும் சிரிக்கவில்லை. நம்மில் பலரும் இப்படித்தான் கொடுத்திருக்கிறோம்.

தரகருக்கு வருமானம் எப்படி வருகிறது?

1. கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் முகவராக இருந்தால், கமிஷனை அந்த நிறுவனமே கொடுக்கும்.
2. தனித் தரகராக இருந்தால் நம்மிடம் வாங்குவார். மொத்தமாகவோ, சதவீதமாகவோ கேட்பார்.
3. சிலர் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். கமிஷன் அதிகம் கிடைக்கிற இடத்துக்கே நம்மைக் கூட்டிப் போகவும் வாய்ப்பு உண்டு. அங்கே வட்டி கூடுதலாக இருந்தால் சுமப்பது நாம்தான்.

இது போக, நிறுவனம் பிடிக்கும் செலவுகள் தனி. பரிசீலனைக் கட்டணம் 1 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 900 ரூபாய். வக்கீல் கருத்து, சொத்து மதிப்பீடு, காப்பீடு என்றும் வரும். கடனில் கழித்துக் கொடுத்தால் கைக்கு வருவது குறையும். ஆனா வட்டி முழு 5 லட்சத்துக்கும் ஓடும்.

நமக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் இதுபோன்ற கடன்களுக்கு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'கே.எஃப்.எஸ்.' என்ற முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். அது நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். வட்டியோடு கட்டணங்களும் சேர்ந்த வருடாந்திரச் செலவு சதவீதம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. யோசித்து முடிவு சொல்லக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க" என்றால் பயப்பட வேண்டாம்.

ஆனா ஒன்று. தரகர் தனியாக நம் கையில் வாங்குவது அந்தத் தாளில் வராது. அதை நாமதான் கேட்கணும்:

* உங்களுக்கு யார் பணம் கொடுக்கிறாங்க?
* மொத்தம் எத்தனை ரூபாய்? (சதவீதம் வேண்டாம், ரூபாயில் சொல்லச் சொல்லுங்க.)
* எப்போது கொடுக்கணும்? கடன் கிடைக்காவிட்டால் திரும்ப வருமா?

பதிலை எழுதி, கையெழுத்தோடு வாங்குங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். அசல் பத்திரத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் வங்கிக் கிளைக்கு நாமே ஒருதடவை போய் விசாரிப்போம். தனியாப் போகத் தயக்கமா இருந்தா குழுவில் இன்னொருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கொள்வோம்.

சந்தாப் பணத்தில் ஒரு ரூபாய் குறைஞ்சாலும் கணக்குக் கேட்கிறோம். நம்ம வீட்டுப் பத்திரத்துக்கும் அதே மாதிரி கேட்போம்.