காற்றையும் கனலையும் ஆய்ந்த தமிழர்

(ஆம்பூரில் தொழிலாளரும் மாணவரும் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் கூடங்களில் வெற்றுத் தகர உருளைகளைக் காணாதார் இலர். அத்தகைய உருளை ஒன்றை நெடுகப் பிளந்து, இரு பாதிகளையும் சற்றே விலக்கி எதிரெதிராக நிறுத்தி, நடுவே அச்சு நாட்டினால் அதுவே ஒரு காற்றாடி. காற்று எத்திசையினின்று வரினும் அது சுழலும். விரைவு குறைவு, ஆயினும் நீரிறைக்கும் வலிவு உண்டு. பின்லாந்து நாட்டுச் சவோனியசு என்பார் 1920-களில் அமைத்த பொறி இது.

ஏழையும் செய்துகொள்ளத்தக்க இவ்வெளிய பொறியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் ஒரு தமிழர். ஈழத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பேராசிரியராக விளங்கிய சி. சிவசேகரம் அவர். இப்பொறியின் இதழ்களை எவ்வாறு அமைத்தால் ஆற்றல் மிகும், காற்றைச் செறித்துத் தரும் தடுப்புகளைச் சுற்றிலும் நிறுத்தினால் எவ்வளவு கூடுதல் பயன் கிட்டும் என்றெல்லாம் அவர் ஆய்ந்தெழுதிய கட்டுரைகள் 1977 முதல் உலக ஆய்விதழில் வெளிவந்தன. காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். எனவே சிறிதளவு செறிவும் பெரும்பயன் தரும்.

பின்னர், 1990-களில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவர் கனலை ஆய்ந்தார். எரிகுழாயினுள் சுடர் நடுங்கினால் அழுத்த அலை எழும். அவ்வலை திரும்பி வந்து சுடரை மேலும் நடுக்கும். உரிய நொடியில் தள்ளத் தள்ள ஊஞ்சலின் வீச்சு மிகுவது போன்றது இது. முற்றினால் பொறியே பழுதாகும். உணர்கருவி அந்நடுக்கத்தைக் காட்ட, எரிபொருளின் ஒரு பகுதியை எதிர்நொடியில் செலுத்தி அதனைத் தணிக்கும் முறையை அவரும் உடனாய்வாளரும் ஆராய்ந்தனர். ஊஞ்சலை எதிர்க்கை வைத்து அடக்குவதே இங்கும் நுட்பம்.

அறிதல், ஒப்புநோக்கல், திருத்தல் என்னும் இம்மூன்றுமே கட்டுப்பாட்டியலின் உயிர். தமிழ்நாட்டில் நிறுவப்பெற்ற காற்றாலைகளின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. முப்பந்தலில் காற்று ஏறினும் இறங்கினும் மின்வலையின் அலைவு நொடிக்கு 50 என்னும் அளவில் நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றாலன்றி ஆம்பூரின் தோலுருளைகள் சீராகச் சுழலா; கழிவுநீரைத் துப்புரவாக்கும் நிலையங்களும் இயங்கா. அவை நின்றால் துன்புறுவது பாலாறு. பாலாற்றை நம்பிய உழவர்.

இத்துணை நுட்பம் அறிந்தவர் தமிழை மறந்தாரா? இல்லை. பாத்தொகுதிகள் பல தந்தார். தமிழ் எழுத்தில் நிறுத்தக் குறிகளை ஆளும் முறை பற்றித் ‘தமிழில் தரிப்புக் குறிகள்’ என்னும் நூலே எழுதினார். அவர் தனித்தமிழ் நெறியினர் அல்லர். ‘நதிக்கரை மூங்கில்கள்’ என்னும் அவர்தம் பாநூலின் பெயரிலேயே வடசொல் முன்னிற்கக் காணலாம். அவ்வேறுபாடு மறைக்கத்தக்கதன்று. எனினும், ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதிய கை தமிழிலும் ஓயாது எழுதிற்று என்பதை மறுப்பார் யார்?

வேலூர் மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்தும் பொறியியற் கல்லூரிகள் பல உள. அவற்றினின்று வெளிவரும் இளைஞன், ஓடிய மின்னோடி ஏன் நின்றது என்று உருளையருகே நிற்கும் தொழிலாளிக்குத் தமிழில் விளக்க இயலாமல் விழிப்பானாயின், அக்கல்வியால் இவ்வூர்க்கு வந்த பயன் யாது? தமிழில் சொல் இல்லை என்பது கரணியமன்று. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. வழி திறந்தே உள்ளது; நடப்பாரே வேண்டும்.

பொறியியல் பயிலும் மாணவர்களே! நும் தந்தையரும் தாயரும் உழைக்கும் கூடத்திற்குச் செல்லுங்கள். அங்குள்ள பொறி ஒன்றைத் தேர்ந்து, அஃது இயங்கும் வகையை ஒரே ஒரு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதுங்கள். அதனை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்கினால் நீவிர் பொறியாளர். விளங்காவிடின் மீண்டும் எழுதுங்கள்!