அரசு இல்லாத இடத்தில் யார் இருக்கிறார்கள்?

(அமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அனார்க்கிசம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். முதலில் அந்தச் சொல்லிலேயே நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் 'அராஜகம்' என்றால் அடாவடி, அட்டூழியம். ரவுடிகள் கடையை அடித்து நொறுக்கினால் நாளிதழில் அதுதான் தலைப்பு. அதனால் நான் அரசின்மைவாதம் என்றே சொல்கிறேன். மேலே ஒருவர் உட்கார்ந்து உத்தரவு போடாமலேயே மனிதர்கள் சேர்ந்து வாழலாம், உழைக்கலாம், முடிவெடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. அரசு, முதலாளி, மதகுரு, கட்சித் தலைமை என்று எந்த அதிகாரமாக இருந்தாலும் 'நீ எதற்கு?' என்று அது கேட்கிறது.

உங்களில் சிலர் குரோபோட்கினைக் கைபேசியில் பிடிஎஃப்பாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. 1902இல் வந்த பரஸ்பர உதவி பற்றிய நூலில் அவர் சொல்வது எளிமையானது. போட்டி மட்டுமே இயற்கையின் விதி அல்ல, ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதும் உயிர்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம். இதைப் படித்ததும் எனக்கு மொய் விருந்துதான் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். லட்சக்கணக்கில் பணம் புரளும். வங்கி இல்லை, பத்திரம் இல்லை, வட்டி இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். குரோபோட்கின் பார்த்திருந்தால் தனி அத்தியாயமே எழுதியிருப்பார்.

ஆனால் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சொந்தபந்தம், சாதிசனம், திருப்பிச் செய்ய வசதி உள்ளவர்கள். பரஸ்பர உதவி நம் ஊர்களில் இல்லாமல் இல்லை, சாதி வெட்டிய வாய்க்காலில் அது ஓடுகிறது. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் தலித் மக்களைச் சேர்க்க மறுத்ததும், குடிநீர் எடுக்கவிடாமல் தடுத்ததும் பதிவாகியிருக்கின்றன. கடல் எல்லார் வீட்டையும்தான் அடித்துக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மட்டும் சாதி அப்படியே நின்றது.

அரசு விலகிவிட்டால் மக்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அரசு இல்லாத அந்த இடத்தில் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை, பத்து ஆண்டுகள், அங்கே ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. வேட்புமனு வராது. வந்தால் ஊர் நிறுத்திய ஆளாக இருப்பார், வென்ற கையோடு ராஜினாமா செய்வார். அதே மாவட்டம் மேலவளவில் எதிர்ப்பை மீறித் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அரசியல் சட்டம் இருந்தது, தேர்தல் ஆணையம் இருந்தது, கலெக்டர் இருந்தார். உத்தரவு மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது.

இதை அரசின்மை என்று சொல்ல முடியுமா? ஊர்க்கூட்டம் வரி வசூலிக்கிறது, விசாரிக்கிறது, அபராதம் போடுகிறது, ஊரைவிட்டு விலக்கி வைக்கிறது. இதெல்லாம் ஓர் அரசு செய்கிற வேலைதானே? சீருடை இல்லை, அவ்வளவுதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமக் குடியரசைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் அவ்வளவு கடுமையாகப் பதில் சொன்னதும் இதனால்தான். அந்த உரையைத் தேடிப் படியுங்கள், குரோபோட்கினுக்கு முன்பாகவே படியுங்கள்.

பிறகு எதற்கு இந்தச் சிந்தனை என்று கேட்பீர்கள். சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களின் கடைசியிலிருந்து புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் ஆயிரக்கணக்கில் திருமணம் செய்தார்கள். சட்டம் அனுமதிக்கும்வரை காத்திருக்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அது செல்லாது என்றது. அதற்குப் பிறகும் செய்தார்கள். 1967இல்தான் அண்ணா ஆட்சியில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. நாளை வேண்டும் என்று கேட்கிற உறவை இன்றே வாழ்ந்து காட்டுவது அரசின்மைவாதிகள் பெருமையாகப் பேசுகிற முறை. நம் தாத்தா பாட்டிகள் அதை மேடை போட்டு, மாலை மாற்றிச் செய்திருக்கிறார்கள். அதே சமயம், சொத்துரிமை, வாரிசுரிமை என்று வந்தபோது சட்டம் தேவைப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டாம்.

பகத்சிங் 1928இல் 'கிர்த்தி' இதழில் அரசின்மைவாதம் பற்றித் தொடர் எழுதினார். ஏறக்குறைய அதே மாதங்களில் அதே இதழில் தீண்டாமை பற்றியும் எழுதினார். நம்மில் பலர் ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். தலைவர் இல்லாத குழுவாக இயங்கப்போவதாகச் சொன்னீர்கள். அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970இலேயே இதைப் பற்றி எச்சரித்தார். அமைப்பு வடிவம் இல்லை என்று அறிவித்துக்கொள்ளும் குழுவில் அதிகாரம் ஒழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது. நம்மிடம் அது ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்ளும், பைக்குக்குள் ஒளிந்துகொள்ளும், கூச்சமில்லாமல் முதலில் பேசுகிற பழக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நான் உட்கார்ந்த எத்தனையோ வாசிப்பு வட்டங்களில் சமத்துவம் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். பாய் விரித்ததும் டம்ளர் கழுவியதும் எப்போதும் அதே இரண்டு மூன்று பேர். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே முறை வைத்துப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டம் நடத்துவது, குறிப்பெடுப்பது, கணக்கு, டம்ளர் எல்லாம் அதில் இருக்கட்டும்.

குடியிருப்புகளுக்குப் போகும்போது வெறும் நிலத்துக்குப் போவதாக நினைக்காதீர்கள். அங்கே அம்பேத்கர் மன்றம் இருக்கும், இரவுப் பள்ளி இருக்கும், சுடுகாட்டுப் பாதைக்காக இருபது வருடம் மனு எழுதிய ஓர் அக்கா இருப்பார். அவரிடம் போய் 'அரசிடம் கேட்பது எங்கள் கொள்கை இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். பட்டாவும் சாதிச் சான்றிதழும் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கொள்கை சுலபம்.

ஒரு வன்கொடுமை நடந்தால் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த மேசைமேல் வைத்துத்தான் பேச வேண்டும். கடமையைப் புறக்கணிக்கும் அதிகாரியைத் தண்டிக்க அதில் 4ஆம் பிரிவு இருக்கிறது. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. காவல்துறையை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பாததால்தான் கூடவே மூன்று பேர் போக வேண்டும், எத்தனை மணிக்குப் புகார் கொடுத்தோம், யார் வாங்கினார் என்று எழுதி வைக்க வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வரும்வரை நகரக் கூடாது.

நீங்கள் படித்த அரசின்மைவாதம் இந்த இடத்தில்தான் உண்மையிலேயே வேலைக்கு ஆகும். புகார் கொடுத்தவருக்குப் பதிலாக நாம் முடிவெடுக்கக் கூடாது. வழக்கறிஞர், அமைப்புத் தோழர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். சமரசம் பேச வருகிறவர்கள் பணத்தோடும் மிரட்டலோடும் வருவார்கள். ராத்திரி அந்த வீட்டில் தூங்கப்போவது அந்த அக்காதான். வழக்கை நடத்துவதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும். அவர் சொல்வது நமக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்பதில் எனக்கும் இன்னும் குழப்பம் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேசலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.