லீக் ஜெயிச்ச டீம் வெளியே, பத்தாவது டீம் உள்ளே: காலேஜ் பாஸ்கெட்பாலில் கணிப்பு எப்படி வேலை செய்யுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் கொஞ்சம் தூரத்து ஊர் சமாச்சாரம். அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால். "நான் பாஸ்கெட்பாலே பார்க்கறதில்லையே"ன்னு சொல்றவங்களும் போயிடாதீங்க. நிகழ்தகவு எப்படி வேலை செய்யும்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை. ஒரு டீமோட மொத்த சீசனும், அவங்க ஆடாத ஒரு மேட்ச்ல கைவிட்டுப் போகலாம். அதையும் சேர்த்துத்தான் கணிக்கணும்.

முதல்ல அமைப்பைச் சொல்லிடறேன். என்சிஏஏ-வோட முதல் டிவிஷன்ல 350-க்கும் மேல காலேஜ் டீம்கள் இருக்கு. எல்லாரும் எல்லார்கூடயும் ஆட முடியாது. அதனால முப்பதுக்கும் மேல கான்ஃபரன்ஸா பிரிஞ்சிருக்காங்க. ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் தனிப் புள்ளிப் பட்டியல் உண்டு. மார்ச் மாசம் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு நாக்-அவுட் டோர்னமென்ட் நடத்தும். அதை ஜெயிக்கிற டீம் நேரா தேசிய டோர்னமென்ட்டுக்குப் போயிடும். கவனிங்க, பட்டியல்ல முதல் இடம் பிடிச்ச டீம் இல்லை, கடைசி வாரத்து நாக்-அவுட்டை ஜெயிச்ச டீம்.

2024 தேசிய டோர்னமென்ட்ல மொத்தம் 68 இடம் இருந்துச்சு. 2024-ல் 32 இடம் இப்படி நேரா போச்சு. மிச்சம் 36 இடத்துக்கு 12 பேர் கொண்ட ஒரு கமிட்டி ரூமுக்குள்ள உட்கார்ந்து ஆள் எடுத்தாங்க. ஐபிஎல்-ல 10 டீம், ஆளுக்கு 14 மேட்ச், முதல் நாலு இடம் பிளேஆஃப். கணக்கு முடிஞ்சது. இங்க அந்தக் கணக்குக்கு மேல 12 மனுஷங்களோட தீர்ப்பும் இருக்கு.

ஒரே வாரம், ரெண்டு கதை

2024 மார்ச். இண்டியானா மாநிலத்துல டெரெ ஹோட்னு ஒரு சின்ன ஊர். அங்க இருக்கிற காலேஜ் இண்டியானா ஸ்டேட். 1979-ல் லாரி பேர்ட் ஆடி ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போன அதே காலேஜ். மிசௌரி வேலி கான்ஃபரன்ஸ்ல 20 மேட்ச்ல 17 ஜெயிச்சு முதல் இடம். கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடுற ராபி அவிலான்னு ஒரு சென்டர், அந்த சீசன்ல எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. மார்ச் 10, கான்ஃபரன்ஸ் ஃபைனல். டிரேக்கிட்ட 84-80-னு தோத்துட்டாங்க. இப்போ அவங்க கணக்கு 28 வெற்றி, 6 தோல்வி. கமிட்டி முடிவு சொல்றது மார்ச் 17. நடுவுல ஏழு நாள், ஆட ஒரு மேட்ச்கூட இல்லை.

அந்த ஏழு நாள்லதான் ரெண்டாவது கதை. நார்த் கரோலினா ஸ்டேட், ஏசிசிங்கிற பெரிய கான்ஃபரன்ஸ்ல 15 டீம்ல பத்தாவது. லீக்ல 9 வெற்றி, 11 தோல்வி. தேசிய டோர்னமென்ட்டுக்குப் போகணும்னா ஒரே வழி, அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச் ஜெயிக்கணும். செமிஃபைனல்ல வர்ஜீனியா 3 புள்ளி முன்னிலை, சில செகண்டுதான் பாக்கி. வர்ஜீனியா வீரர் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். பந்து மைக்கேல் ஓ'கானல் கைக்கு வந்தது. ஓடி வந்து மூணு புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிஞ்சார். பலகையில பட்டு உள்ளே விழுந்தது. ஓவர்டைம், வெற்றி. அடுத்த நாள் நார்த் கரோலினாவையும் அடிச்சு கோப்பையைத் தூக்கினாங்க. 1987-க்கு அப்புறம் அவங்களுக்கு முதல் ஏசிசி கோப்பை.

அந்த ஒரு இடம் கமிட்டி பிரிச்சுக் கொடுக்க வேண்டிய கணக்கிலிருந்து போச்சு. அதே வாரம் ஓரிகன், டுகேன், யுஏபி டீம்களும் கிட்டத்தட்ட இதே மாதிரி உள்ளே வந்தாங்க. ஞாயித்துக்கிழமை பட்டியல் வந்தப்போ இண்டியானா ஸ்டேட் பேர் இல்லை. விட்டுப்போன முதல் நாலு டீம்ல அவங்களும் ஒண்ணு.

இதை ஒரு மாடல் முன்கூட்டியே எப்படிப் பார்க்கும்? படிப்படியா போவோம்.

படி 1: யார் உண்மையிலேயே நல்ல டீம்?

வெற்றி தோல்வியை மட்டும் வச்சு இதைச் சொல்ல முடியாது. பலவீனமான டீம்களோட ஆடி 25 மேட்ச் ஜெயிக்கலாம். அதனால எல்லாரும் பிடிச்சுக்கிட்ட அளவு, 100 பொசஷனுக்கு எத்தனை புள்ளி எடுக்கறாங்க, எத்தனை கொடுக்கறாங்க என்பது. பொசஷன்னா பந்து ஒரு தடவை கைக்கு வந்து போறது. அதை எதிராளியோட தரத்துக்கு ஏத்த மாதிரி சரிபண்ணிக்கணும். இதைப் பிரபலமாக்கினவர் கென் பாமராய். தொழில்ல வானிலை ஆய்வாளர்! "நாளைக்கு மழைக்கு 70% வாய்ப்பு"ன்னு சொல்ற உலகத்துல இருந்து வந்த ஆள். அவரோட கணிப்பும் அதே தொனியில இருக்கறதுல ஆச்சரியமில்லை.

சின்னதா ஒரு கணக்கு. ஒரு டீம் இன்னொரு டீமைவிட 100 பொசஷனுக்கு 10 புள்ளி மேலன்னு வச்சுக்குவோம். மேட்ச்ல சுமார் 70 பொசஷன். அப்போ பொது மைதானத்துல 7 புள்ளி சாதகம். சொந்த மைதானம்னா சுமார் 3 புள்ளி கூட்டிக்கலாம், வெளியூர்னா குறைச்சுக்கலாம். ஆனா நிஜ மேட்ச் முடிவு இந்த எதிர்பார்ப்பைச் சுத்தி ரொம்பவே ஆடும். திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 11 புள்ளின்னு எடுத்துக்கிட்டா, வெற்றி வாய்ப்பு பொது மைதானத்துல 74%, சொந்த ஊர்ல 82%, வெளியூர்ல 64%. அதே ரெண்டு டீம்தான், இடம் மட்டும் மாறியிருக்கு.

படி 2: புள்ளிப் பட்டியல்

ரேட்டிங் கையில இருந்தா மிச்சம் ஈஸின்னு தோணும். இங்கதான் அட்டவணை குறுக்கே வருது. பிக் டென் கான்ஃபரன்ஸை எடுத்துக்கங்க. பேர்ல பத்து, ஆனா 2024-25-லிருந்து 18 டீம். ஆளுக்கு 20 லீக் மேட்ச். 17 எதிராளி, அதுல மூணு பேரோட மட்டும் ரெண்டு தடவை. அந்த மூணு பேர் யார் என்பதே பட்டியல்ல ஒரு இடம், ரெண்டு இடம் மாத்திடும்.

அதனால பைதான்ல ஒரு லூப் போட்டு, மிச்சம் இருக்கிற சீசனை 10,000 தடவை ஆட விடறோம். இங்க நான் முக்கியமா நினைக்கிற ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு, சராசரியைப் பட்டியல்னு நினைச்சுக்கக் கூடாது. மாடல் முதல் இடத்து டீமுக்குச் சராசரியா 14 வெற்றின்னு காட்டலாம். ஆனா சீசன் முடிவுல முதல் இடத்துல இருக்கிற டீம் 16 கூட ஜெயிச்சிருக்கும். ஏன்னா அஞ்சாறு நல்ல டீம்ல யாரோ ஒருத்தருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். யாருக்குன்னு தெரியாது, யாருக்கோ அடிக்கும்னு மட்டும் தெரியும். அதான் கணிப்புப் பட்டியல் எப்பவும் நெருக்கமா இருக்கும், நிஜப் பட்டியல் விரிஞ்சு கிடக்கும்.

ரெண்டு, ரேட்டிங்கே தப்பா இருக்கலாம். ஒவ்வொரு மேட்ச்லயும் தனித்தனியா பகடை உருட்டினா மட்டும் போதாது. ஒவ்வொரு சீசன் சிமுலேஷன் ஆரம்பத்துலயும் டீமோட நிஜ பலத்தையே கொஞ்சம் மேல கீழ மாத்திப் பார்க்கணும். இதை விட்டுட்டா நம்ம மாடல் தேவைக்கு மேல தன்னம்பிக்கையோட பேசும். இப்போ இது இன்னும் முக்கியம். 2021-லிருந்து வீரர்கள் காலேஜ் மாறறது ரொம்ப ஈஸியாயிடுச்சு. போன வருஷ டீமும் இந்த வருஷ டீமும் பேர்ல மட்டும் ஒண்ணா இருக்கலாம். நவம்பர் மாசத்துக் கணிப்பை உப்பு தொட்டுத்தான் சாப்பிடணும்.

படி 3: மூணு நாள் நாக்-அவுட்

ஒரு சின்ன கான்ஃபரன்ஸோட முதல் இட டீம். கோப்பைக்கு மூணு மேட்ச். ஒவ்வொண்ணுலயும் 80% வாய்ப்பு. பலமான டீம்தான் இல்லையா? 0.8-ஐ மூணு தடவை பெருக்குங்க. 51%. நாலு மாசம் உழைச்சு முதல் இடம் பிடிச்சதுக்குக் கிடைச்சது, காசு சுண்டிப் போடற மாதிரி ஒரு வாய்ப்பு.

சில கான்ஃபரன்ஸ்கள் இதைப் புரிஞ்சுக்கிட்டு விதியையே மாத்தி எழுதறாங்க. அமெரிக்கா ஈஸ்ட்ல நாக்-அவுட் மேட்ச்கள் பட்டியல்ல மேல இருக்கிற டீமோட சொந்த மைதானத்துலயே நடக்கும். நம்ம கணக்குப்படி 80% சுமார் 87% ஆகும், மூணு மேட்ச் சேர்த்தா 66%. ஐவி லீக்ல நாலு டீம் மட்டும்தான் ஆடும், அதனால ரெண்டு ஜெயிச்சா போதும். 64%. வீரர்கள் அதே வீரர்கள்தான். விதியை மாத்தினதால மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

இப்போ நார்த் கரோலினா ஸ்டேட் பக்கம் வாங்க. அஞ்சு மேட்ச்லயும் தாராளமா 40% கொடுத்தாலும் மொத்தம் 1%. நூத்துல ஒண்ணு. "அப்போ மாடல் ஃபெயில்"னு சொல்லலாமா? அந்த வருஷம் இந்த மாதிரி 32 டோர்னமென்ட் நடந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் இப்படி 1% டீம்கள் சிலது இருக்கும். இத்தனை சின்னச் சின்ன வாய்ப்புகளைக் கூட்டிப் பார்த்தா, ஒரு வருஷம் எங்கேயுமே எதுவும் நடக்காம இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

படி 4: கமிட்டி

இந்தப் படியில கேள்வியே மாறுது. "யார் நல்ல டீம்?" என்பது ஒண்ணு. "யார் தகுதியைச் சம்பாதிச்சாங்க?" என்பது வேற. கமிட்டி 2018-19-லிருந்து நெட் என்கிற ரேங்கிங்கைப் பயன்படுத்துது. அதை வச்சு மேட்ச்களை நாலு பிரிவா பிரிப்பாங்க. உயர்ந்த பிரிவுக்குப் பேர் குவாட் 1. சொந்த ஊர்ல முதல் 30 டீம்களோட, பொது இடத்துல முதல் 50-ஓட, வெளியூர்ல முதல் 75-ஓட ஆடினா அது குவாட் 1.

பெரிய கான்ஃபரன்ஸ் டீமுக்கு வாராவாரம் குவாட் 1 வாய்ப்பு கதவைத் தட்டும். பத்துல நாலு ஜெயிச்சாலும் "நாலு பெரிய வெற்றி"ன்னு சொல்லிக்கலாம். சின்ன கான்ஃபரன்ஸ் டீம் தேடிப் போகணும். பெரிய டீம் எதுக்கு டெரெ ஹோட்டுக்கு வந்து ஆடணும்? ஜெயிச்சா பெரிய பேர் இல்லை, தோத்தா மானம் போயிடும். இண்டியானா ஸ்டேட் நெட் ரேங்கிங்ல முதல் 30-க்குள்ள இருந்தும் வெளியே நின்னதுக்குப் பின்னால இந்தக் கணக்கும் இருக்கு.

2024-25-லிருந்து கமிட்டி பார்க்கிற தாள்ல இன்னொரு எண் சேர்ந்திருக்கு: வின்ஸ் அபவ் பபுள். உங்க அட்டவணையை எல்லைக்கோட்டுல நிக்கற ஒரு சராசரி டீம் ஆடியிருந்தா எத்தனை ஜெயிச்சிருக்கும்? அது 20-ன்னா, நீங்க 22 ஜெயிச்சிருந்தா உங்க மார்க் +2. எதிராளி யாருன்னு பேர் பார்க்காம, கஷ்டத்தை மட்டும் எடை போடற வழி. எனக்குப் பிடிச்ச மாற்றம் இது. ஆனாலும் கஷ்டமான மேட்ச் கிடைச்சாத்தான் அந்த எண்ணை மேல ஏத்த முடியும். கதவு கொஞ்சம் திறந்திருக்கு, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

நார்த் கரோலினா ஸ்டேட் அதோட நிக்கலை. டியூக் வரைக்கும் அடிச்சு கடைசி நாலுக்குள்ள போய், பர்டியூகிட்ட தோத்தாங்க. இண்டியானா ஸ்டேட் ரெண்டாம்பட்ச டோர்னமென்ட்டான என்ஐடி-ல ஆடி, ஃபைனல்ல சீட்டன் ஹால்கிட்ட 79-77-னு தோத்தாங்க. வாய்ப்பு கிடைக்காத இன்னொரு டீம்தான் சீட்டன் ஹாலும். கோச் செயின்ட் லூயிஸுக்குப் போனார், அவிலாவும் அங்கேயே போயிட்டார். அந்த டீம் கலைஞ்சது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொல்ல சின்ன காலேஜுக்கு இப்பெல்லாம் அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடைக்கறது கஷ்டம்.

அதனால "இந்த டீமுக்கு 60% வாய்ப்பு"ன்னு எங்கேயாவது பார்த்தா மூணு கேள்வி கேளுங்க. இது டீமோட பலத்தைச் சொல்லுதா, அட்டவணையைச் சொல்லுதா, கமிட்டியோட மனசைச் சொல்லுதா? ஒரு மேட்சை வச்சு மாடலை எடைபோடாதீங்க. 70%-னு சொன்ன 100 மேட்ச்ல கிட்டத்தட்ட 70 நடந்திருந்தா மாடல் சரி. 95 நடந்திருந்தா அதுவும் தப்புதான், சும்மா அடக்கி வாசிச்சிருக்குன்னு அர்த்தம்.

முயற்சி பண்ணணும்னா, காகிள் தளத்துல வருஷா வருஷம் மார்ச் மெஷின் லேர்னிங் மேனியான்னு ஒரு போட்டி நடக்குது. டேட்டா அங்கேயே கிடைக்கும். முதல் மாடலுக்கு நியூரல் நெட்வொர்க் எல்லாம் வேண்டாம். ரேட்டிங் வித்தியாசம், மைதானம், ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், போதும். உங்க மாடல் யாரை வெளியே நிறுத்துதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதுல சிலதை எடுத்துப் பேசுவோம். அதுவரைக்கும், டாட்டா!